நாடி எழுபத்திரண்டு

லிஃப்ட்காரரின் வலது கையில் மூன்று விரல்கள் உடைந்தது ஒரு மூன்றாம் தேதி. முந்தின மாசம் முப்பதாம் தேதியே உடைந்திருந்தால் அது குற்றம். இவருக்கு எதிலுமே நேரம் சரியில்லை என்று அவர் மனைவி அடிக்கடி சொல்வாள். இந்த முறை காவல் நிலையத்திலும் அதையே சொன்னார்கள்.

ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் பழைய காலத்து லிஃப்ட். இரும்பு மடக்குக் கதவு போட்டது. மாதத்துக்கு ஒரு முறை போய்க் கயிற்றுக்கு மசகு போட்டு, பிரேக்கைப் பார்த்துவிட்டு வருவது அவர் வேலை. இருபத்தோரு வருஷமாகப் போகிறார். வேலை முடிந்ததும் மெக்கானிக் ஏறி ஒரு முறை மேலும் கீழும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அன்று அவர் ஏறி நின்றபோது குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார்.

"நீ படியில போ."

"சோதிச்சுப் பார்க்கணும் சார். நான் ஏறித்தான் ஆகணும்."

"நீ நின்ன பெட்டிக்குள்ள அப்புறம் நாங்க நிக்கணுமா? உங்க இனத்துக்கு லிஃப்டைத் துடைக்கத்தான் உரிமை. சவாரி போக இல்ல."

லிஃப்ட்காரர் பொதுவாகவே பதில் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் இறங்கவும் இல்லை. வாசல் சட்டத்தில் கையை வைத்தபடி நின்றார். செயலாளர் வெளியிலிருந்து கதவை இழுத்தார். மூன்று முறை இழுத்தார். முதல் முறை கை தவறிவிட்டது என்று சொல்லலாம்.

மாவுக்கட்டோடு கம்பெனிக்குப் போனபோது மேலாளர் விபத்து அறிக்கைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதில் 'காரணம்' என்ற தலைப்பில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று தாக்குதல். இன்னொன்று கவனக்குறைவு.

"தாக்குதல்னு வந்தா, கை சரியாகுற வரைக்கும் உங்க வேலை உங்களுக்காகக் காத்துட்டு இருக்கும். கவனக்குறைவுன்னு வந்தா உரிமம் ரத்து. கவனமில்லாத கையை எப்படி இன்னொரு லிஃப்டுக்குள்ள விடறது, சொல்லுங்க? அரசாங்க அதிகாரி யாராவது டிக் போட்டுத் தரணும். முப்பது நாள். முப்பதாவது நாள் சாயங்காலம் அஞ்சு மணி."

"ரெண்டுல ஒரு கட்டம்தானே சார்," என்றார் லிஃப்ட்காரர், ஏதோ மலிவாக முடிந்துவிட்டதுபோல.

*

காவல் நிலையத்தில் புகார் எழுதும் காவலர் நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார். கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். செயலாளர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, இடது கையால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேனாவை மூடிய பிறகுதான் வருத்தத்தோடு சொன்னார்.

"இது எங்ககிட்ட வராதுண்ணே."

"அடிச்சது உங்ககிட்ட வராம வேற எங்க போகும்?"

"சும்மா அடிச்சிருந்தா எங்ககிட்டதான் வரும். இவர் உங்க இனத்தைச் சொல்லி அடிச்சிருக்காரு. அது போன மாசம் வரைக்கும் குற்றம். ஒண்ணாம் தேதியிலேர்ந்து நோய்." மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு சுற்றறிக்கையை உருவிக் காட்டினார். "பிறஇனச் சகியாமைப் பிணி. மனநல வாரியம் அறிவிச்சாச்சு. ஏன்டா உனக்கு உடம்பு சுடுதுன்னு கேட்டுக் காய்ச்சல்காரனை உள்ள தள்ள முடியுமா? அந்த மாதிரிதான்."

லிஃப்ட்காரர் அந்தச் சுற்றறிக்கையை இடது கையால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை நன்றாக விழுந்திருந்தது.

"அப்படின்னா அவர் ஒண்ணும் சொல்லல. சும்மாதான் அடிச்சாருன்னு எழுதிக்குங்க."

"உண்மையைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டீங்களே! வந்த உடனே கார் நிறுத்துற தகராறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்நேரம் அந்த ஆளைக் கொண்டுவந்து இந்த பெஞ்சில உக்கார வெச்சிருப்பேன்." காவலர் கொஞ்சம் யோசித்தார். "உங்ககிட்ட கார் இருக்கா?"

"இல்ல."

"அதுவும் கஷ்டம்தான்."

கட்டத்தில் டிக் போடும் அதிகாரமும் இப்போது வாரியத்துக்குத்தான் என்று சொல்லி, போகும் வழியை ஒரு துண்டுத் தாளில் படமாக வரைந்து கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

*

வாரியம் நான்கு மாடிக் கட்டிடத்தில் இருந்தது. அங்கும் அதே கம்பெனி லிஃப்ட், அதே மடக்குக் கதவு. பக்கத்தில் ஒரு பலகை: 'சிகிச்சையில் இருப்போரின் நலன் கருதி, காரணங்கள் மாடிப்படியைப் பயன்படுத்தவும்.' லிஃப்ட்காரருக்கு அது புரியவில்லை. நான்காம் மாடியில் குமாஸ்தா அம்மாள் படிவத்தை விரித்தபோது புரிந்தது.

முதல் கட்டம், நோயாளியின் பெயர். இரண்டாம் கட்டம், நோய்க்குக் காரணம்.

"இதுல உங்க பேரை எழுதணும்," என்றாள்.

"நான் அடிபட்டவன்மா."

"அடிபட்டவங்களுக்குக் கட்டம் இல்லைங்க. பத்தாயிரம் பிரதி அச்சாகி வந்ததுக்கு அப்புறம்தான் கவனிச்சோம். இது தீரட்டும், அடுத்த தடவை சேர்த்துடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எப்பத் தீரும்?"

"நோயாளிங்க வர வேகத்தைப் பொறுத்துங்க."

மூன்றாம் கட்டம், காரணத்தின் நிறம். வாரியத்துக்கென்று தனியாக நிற அட்டை இன்னும் வந்து சேராததால், பெயின்ட் கடையில் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் அட்டை ஒன்றை வைத்திருந்தாள். அதை அவர் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"மழை மேகம்னு போடவா, பழைய தேக்குன்னு போடவா?"

"ஏதாவது ஒண்ணு போடும்மா."

"ஏதாவது ஒண்ணெல்லாம் போட முடியாதுங்க. இது விஞ்ஞானம்." இன்னொரு தரம் ஒட்டிப் பார்த்துவிட்டு, பழைய தேக்கு என்று எழுதினாள். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தின் கோப்புகளில் அவருக்கு அதுதான் பெயர்.

தலைமை மருத்துவர் மெலிந்த, மென்மையான மனிதர். யாரைப் பார்த்தாலும் இரண்டு கைகளையும் பற்றிக்கொள்வார். லிஃப்ட்காரரின் மாவுக்கட்டையும் அப்படியே பற்றிக்கொண்டார். வலியில் இவர் முகம் சுருங்கியதை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

"தம்பி, கெட்டவன்னு உலகத்துல ஒருத்தனும் கிடையாது. நோயாளிதான் உண்டு. உங்க செயலாளரைக் குழந்தையா நினைச்சுக்குங்க. இருட்டைப் பார்த்துப் பயப்படுற குழந்தை. இருட்டு மேல தப்பில்ல, குழந்தை மேலயும் தப்பில்ல. ஆனா சிகிச்சை யாருக்கு? குழந்தைக்கு. இருட்டுக்கு யாராவது மருந்து கொடுப்பாங்களா?"

"எனக்கு ஒரு டிக் மட்டும் போதும் டாக்டர்."

"முதல்ல நோயை உறுதிப்படுத்தணும்," என்றார் டாக்டர்.

சோதனைக் கூடத்தின் ஒரு கோடியில் மெத்தை வைத்த நாற்காலி. அதில் செயலாளர் காலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழச்சாறு. அவர் மணிக்கட்டைப் பிடித்து டாக்டர் நாடி பார்த்தார். எதிரே தரையில் மூன்று மஞ்சள் கோடுகள்: பத்து அடி, ஆறு அடி, மூன்று அடி. லிஃப்ட்காரர் ஒவ்வொரு கோடாக வந்து நிற்க வேண்டும்.

பத்து அடியில் நாடி எண்பது. ஆறு அடியில் தொண்ணூற்றாறு. மூன்று அடியில் நூற்றுப் பதினெட்டு. கூடவே வாய் திறந்துகொண்டது. லிஃப்ட்காரர், அவர் அப்பா, அவர் அப்பாவைப் பெற்றவர்கள், அந்த இனத்தின் தோல், வியர்வை, பல், நடை என்று ஒன்று விடாமல் வரிசையாக வந்தன. குமாஸ்தா அம்மாள் சுருக்கெழுத்தில் எழுதினாள். ஒரு சொல்லுக்கு மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

"அருமை, அருமை! தடுக்காதீங்க, வரட்டும்," என்றார் டாக்டர். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "தம்பி, முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. அளவு கெட்டுப்போகும்."

"எப்படி வெச்சிருக்கேன்?"

"ஏதோ உங்களுக்குத்தான் கஷ்டம்ங்கிற மாதிரி."

நோய் உறுதியானது. ஆனால் டிக் கிடைக்கவில்லை. சிகிச்சை முடியாமல் கோப்பை மூட முடியாது, கோப்பை மூடாமல் டிக் போட முடியாது. சிகிச்சை நாலு வாரம், காரணத்தின் ஒத்துழைப்பு இருந்தால். லிஃப்ட்காரர் மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தார். சரியாக முப்பதாவது நாளில் வந்து முடிந்தது.

*

மனைவி மாத்திரைத் தொழிற்சாலையில் அட்டையில் அடைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். நோய் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை குடுக்கிறாங்க?" என்பதுதான்.

"சத்து மாத்திரையாம். அப்புறம் மூச்சுப் பயிற்சி."

"என்னங்க, உங்க விரலை உடைச்சதுக்கு அவருக்குச் சத்து மாத்திரையா? அப்ப கழுத்தைத் திருகியிருந்தா ஊருக்கே விருந்து வெச்சிருப்பாங்க போல."

அவர் இடது கையால் ஒரு வெற்று அட்டையை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார். 'பாதிக்கப்பட்ட நோயாளிக்குக் காரணம் எழுதும் நல்லெண்ண அட்டை.' அதில்லாமல் கோப்பு நகராது. அவருக்கு எழுதும் கை கட்டில் இருந்தது.

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை அணைத்துவிட்டு வந்து பேனாவை எடுத்தாள்.

"சொல்லுங்க. என்ன எழுதணும்?"

"சீக்கிரம் குணமாகணும்னு எழுது."

"எனக்கு வேற ஒண்ணு வாயில வருது."

"வேலை போயிடும்."

எழுதினாள். எழுத்து குண்டு குண்டாக அழகாக வந்தது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அட்டையைத் தானே கொண்டுபோய்த் தருவதாக அவரோடு கிளம்பினாள்.

டாக்டர் அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவள் உருவிக்கொண்டாள்.

"ஒரே ஒரு சந்தேகம் டாக்டர். எங்களுக்கு வீடு தர மாட்டேன்னு இதுவரைக்கும் பதினாறு பேர் சொல்லியிருக்காங்க. பஸ்ல என் பக்கத்துல இடம் காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டே வர்றாங்க. தொழிற்சாலையில எங்க தண்ணி டம்ளர் தனி. இவங்க எல்லாரும் நோயாளியா? அப்படின்னா ஊரு முழுக்க ஆஸ்பத்திரிதானா?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல கேள்விம்மா. வாரியத்துல இதை மூணு நாள் விவாதிச்சோம். நூறு பேர்ல ரெண்டு பேருக்கு இருந்தா அது நோய். நூறு பேர்ல அறுபது பேருக்கு இருந்தா அது எப்படி நோயாகும்? அது இயல்பு. அறுபது பேரை நோயாளின்னு சொன்னா மருத்துவத்தையே இழிவு பண்ற மாதிரி இல்லையா? வீடு தர மாட்டேங்கிறாங்க, தள்ளி நிக்கிறாங்க, தனி டம்ளர் வைக்கிறாங்க. இதெல்லாம் ஆரோக்கியமானவங்களோட பழக்கம். அமைதியா செய்யறாங்க பாருங்க! யாராவது கத்துறாங்களா? நாடி ஏறுதா? செயலாளர் கத்தினாரு, படபடன்னு வந்தது, அதுதான் நோய். அந்தப் படபடப்பை எடுத்துட்டா அவரும் மத்தவங்க மாதிரி ஆயிடுவாரு."

"மத்தவங்க மாதிரின்னா?"

"நிதானமா," என்றார் டாக்டர்.

  

*

இரண்டாம் வாரத்தில் வாரியத்தில் கூட்டம் கூடிவிட்டது. நோய் என்று சான்று கிடைத்தால் ஓய்வு உண்டு, விசாரணை கிடையாது, வீட்டில் உள்ளவர்கள் எதிர்த்துப் பேசக் கூடாது என்ற செய்தி பரவியிருந்தது. ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு காரணத்தைக் கூட்டிவர முடியாது. ஆகவே புதன்கிழமைகளில் பழைய தேக்கையே எல்லாருக்கும் பொதுவாக நிறுத்துவதென்று முடிவாயிற்று. அளவும் ஒரே சீராக இருக்கும் என்றார் டாக்டர். லிஃப்ட்காரருக்கு மஞ்சள் கோட்டில் நிற்பது பழகிவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கவும் கற்றுக்கொண்டார். காத்திருந்தவர்களுக்கு எல்லாம் வாரியம் பிஸ்கட் கொடுத்தது. காரணத்துக்குக் கொடுக்கலாமா என்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது புதன்கிழமை அந்த மெத்தை நாற்காலியில் புகார் எழுதிய காவலர் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. தூரத்துக்கு இடமாற்றம் போட்டுட்டாங்க. பொண்ணு பத்தாவது படிக்குது. நோய்னு சான்று இருந்தா நிறுத்தி வைப்பாங்களாம்."

பத்து அடியில் அவர் நாடி எழுபது. ஆறு அடியிலும் எழுபது. மூன்று அடிக்கு லிஃப்ட்காரர் வந்து நின்றபோது காவலர் வாயைத் திறந்தார், மூடினார். டாக்டர் நாடிக் கணக்கை எழுதத் திரும்பிய நேரம் பார்த்துக் குனிந்தார்.

"அண்ணே, என்ன சொல்லணும்? எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது."

லிஃப்ட்காரர் உதடு அசையாமல் மூன்று சொற்களைச் சொல்லிக் கொடுத்தார். இந்த மூன்று வாரத்தில் அவருக்கு அது மனப்பாடம். காவலர் முதல் சொல்லைத் திக்கித் திக்கிச் சொன்னார். இரண்டாவது ஓரளவு வந்தது. மூன்றாவது நன்றாகவே வந்தது. நான்காவதை அவராகவே சேர்த்துக்கொண்டார்.

நாடி தொண்ணூற்றெட்டு. சான்று கிடைத்தது. போகும்போது காவலர் இவரிடம் சொல்லிக்கொள்ளாமல் லிஃப்டில் இறங்கிப் போனார்.

செயலாளர் வேகமாகத் தேறிவந்தார். மூச்சை இழுத்து, நான்கு எண்ணி, விட வேண்டும். அதுதான் பயிற்சி. அந்த வார முடிவில் மூன்று அடியில் நின்ற லிஃப்ட்காரரைப் பார்த்து, முதல் நாள் சொன்ன அத்தனையையும் வரிசை மாறாமல் அவரால் சொல்ல முடிந்தது. குரல் உயரவே இல்லை. பஸ் நேரம் சொல்கிறவர் மாதிரி சொன்னார். நாடி எழுபத்திரண்டு.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா தம்பி? வெறுப்பு எங்க போச்சு? ஒரு பொட்டு இல்ல."

*

முப்பதாவது நாள் நான்காம் மாடியில் விழா. வாரியம் குணப்படுத்திய முதல் நோயாளிக்குப் பூங்கொத்தும் சட்டம் போட்ட சான்றிதழும். 'இவரிடம் பிறஇனச் சகியாமை இல்லை, இனி வராது' என்று அதில் தங்க எழுத்தில் இருந்தது. விழா முடிந்ததும் கோப்பை மூடி டிக் போட்டுத் தருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். லிஃப்ட்காரர் மத்தியானமே படியேறி வந்து, விபத்து அறிக்கைத் தாளைக் குமாஸ்தா அம்மாளிடம் கொடுத்துவிட்டு, கூடத்துக்கு வெளியே நின்றார். அவள் அதைக் கோப்பில் வைத்து, செயலாளரை வரவேற்கக் கீழே போயிருந்த டாக்டரிடம் அனுப்பிவிட்டாள்.

மூன்று மணிக்கு டாக்டரும், வாசலிலேயே கொடுத்த பூங்கொத்தோடு செயலாளரும் கீழே லிஃப்டில் ஏறினார்கள். மூன்று மணி இரண்டு நிமிஷத்துக்கு லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே விளக்கும் போய்விட்டது.

குமாஸ்தா அம்மாள் ஓடிவந்தாள். "அண்ணே, கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆள் வர மூணு மணி நேரம் ஆகுமாம். உங்களுக்குத்தான் இந்த லிஃப்ட் வேலை தெரியுமே!"

மூன்று மணி நேரம் என்றால் ஆறு மணி. கம்பெனிக்குத் தாள் ஐந்து மணிக்குள் போக வேண்டும். தாளோ டாக்டரிடம் இருந்தது.

லிஃப்ட்காரர் வெளிக்கதவைத் திறந்து, நான்காம் மாடித் தரையில் குப்புறப் படுத்து, உள்ளே பார்த்தார். பெட்டியின் தலைப்பக்கம் மட்டும் ஒரு முழம் தெரிந்தது. உள்கதவின் மேல்தாழ் பாதியில் சிக்கியிருந்தது. கதவு ஒரு சாண் திறந்து அதற்கு மேல் நகராமல் நின்றது. எளிய கோளாறுதான். அந்தச் சந்தில் கையை விட்டு, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தாழை மேலே தள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஆனால் அதற்கு ஒரு கை வேண்டும். அவரிடம் இடது கைதான் மிச்சம் இருந்தது.

"தம்பியா?" என்றது டாக்டரின் குரல். "நல்லவேளை! திறங்க, திறங்க. மூச்சு முட்டுது."

லிஃப்ட்காரர் படுத்தபடியே தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சு ஒன்றைப் பேசினார்.

"டாக்டர், அந்தத் தாள் உங்க கோப்பிலதான் இருக்கு. தாக்குதல்னு டிக் போட்டு இந்தச் சந்து வழியா குடுத்துடுங்க. உடனே திறந்துடறேன்."

"இருட்டுல எது எந்தக் கட்டம்னு எப்படித் தெரியும்? தப்பான கட்டத்துல விழுந்துடுச்சுன்னா உங்க வாழ்க்கை இல்லையா? வெளிய வந்ததும் வெளிச்சத்துல நிதானமா போடறேன். என் வார்த்தை."

உள்ளே கையை விடாமல் அவர் தயங்கினார். டாக்டருக்கு அதன் காரணம் புரிந்தது. மனத்தை அறிந்தவர் அல்லவா.

"செயலாளரை நினைச்சா பயப்படறீங்க? சான்றிதழ்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன். இங்க பாருங்க, அவர் மணிக்கட்டைப் பிடிச்சிருக்கேன். எழுபத்திரண்டு. நீங்க கையை விடுங்க, நான் நாடியைச் சொல்லிட்டே வர்றேன். உங்களுக்கும் தைரியமா இருக்கும், எனக்கும் ஒரு சோதனை ஆச்சு."

லிஃப்ட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி இருபது. இடது கையை நீட்டி, சந்துக்குள் விட்டு, வாசல் சட்டத்தை நான்கு விரலால் பிடித்தார்.

"மூணு அடிகூட இல்ல, ஒரே அடி!" என்றார் டாக்டர். "நாடி எழுபத்திரண்டு. அசையல."

செயலாளர் தலை நிமிர்ந்து அந்த விரல்களைப் பார்த்தார். வாரியம் கற்றுக்கொடுத்தபடி மூச்சை இழுத்தார். நான்கு எண்ணினார். விட்டார். பிறகு, டாக்டர் பிடித்திராத கையால் கதவை இழுத்தார். மூன்று முறை இழுத்தார்.

"எழுபத்திரண்டு," என்றார் டாக்டர். "எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு."

மூன்றாவது இழுப்பில் சிக்கியிருந்த தாழ் அதிர்ந்து தானாகக் கழன்றது. கதவு முழுசாகத் திறந்துகொண்டது. ஓடிவந்த கட்டிடக் காவலாளி ஏறி வர ஒரு நாற்காலியை உள்ளே இறக்கினார். பூங்கொத்து கசங்காமல் செயலாளர் முதலில் ஏறி வந்தார். தரையில் கிடந்தவரைத் தாண்டுவதற்காகக் காலைக் கொஞ்சம் உயரத் தூக்கி வைத்தார். அதில்கூட ஒரு நிதானம் இருந்தது.

குமாஸ்தா அம்மாள் ஒரு துணியைக் கொண்டுவந்தாள். லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை கட்டில் இருந்தது. இடது கையை மடியில் வைத்திருந்தார்.

"டாக்டர்," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். "டாக்டர், இப்ப அவருக்கு நோய் இல்ல. அப்ப இது தாக்குதல்தானே?"

டாக்டர் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பற்றிக்கொள்ளக் கை எதுவும் இல்லாததால் தோளைப் பற்றிக்கொண்டார்.

"நோயில்லாத மனுஷன் எதுக்குத் தம்பி உங்களைத் தாக்கணும்? நிதானமா யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு நடந்தது வேற கட்டிடம். இது வேற கட்டிடம். அது வேற லிஃப்ட். அன்னிக்கு அவர் நோயாளி. இன்னிக்கு முழுசா வேற மனுஷன், சான்றிதழே இருக்கு. எல்லாமே மாறியிருக்கு. ஆனா நடந்தது மட்டும் அதேதான். அப்படின்னா ரெண்டு தடவையும் மாறாம இருந்தது எது? உங்க கை. கதவு மூடுற இடத்துல போய் நிக்கிற உங்க கை. இதுக்கு மேல விஞ்ஞானத்தால என்ன சொல்ல முடியும்?"

கோப்பிலிருந்து தாளை எடுத்தார். ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம் இருந்தது. தன் வார்த்தைப்படி நிதானமாக, கட்டத்தின் கோடு தாண்டாமல் டிக் போட்டார். கவனக்குறைவு. கூடத்தில் கைதட்டல் கேட்டது. டாக்டர் எழுந்து உள்ளே போனார்.

மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. கம்பெனிக்குப் போக இன்னும் நிறைய நேரம் இருந்தது.

குமாஸ்தா அம்மாள் தாளையும் பதிவேட்டையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "தாளை வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்து போடணுங்க." சொன்ன பிறகுதான் இரண்டு கைகளையும் பார்த்தாள். "பரவாயில்ல, பெருவிரல் நல்லாத்தானே இருக்கு. ரேகை வெச்சுக்கலாம்."

மைப்பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். துணிக்குள்ளிருந்து அவருடைய இடது பெருவிரலை மெதுவாக வெளியே எடுத்துப் பார்த்தாள். அது ஏற்கெனவே நன்றாக நனைந்து சிவந்திருந்தது. மைப்பெட்டியை மூடி வைத்துவிட்டு, விரலைப் பிடித்துப் பதிவேட்டில் அழுத்தினாள்.